நாற்பத்து மூன்று திருத்தங்கள்

உட்காருங்கள் அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். என் வீட்டுக்காரி வசந்தாமணி காபி போடுகிறாள். நீங்கள் கொண்டுவந்த தாள் மேசை மேலேயே இருக்கட்டும், எங்கேயும் போய்விடாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்காமல் எதிலும் போட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு தடவை பிழை பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று கவனிப்பேன்.

வக்கீல் பிலோமினா என்றுதானே போனில் சொன்னீர்கள்? கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்தீர்களா, இந்த வெயிலில்? நாளைக் காலை பத்தரைக்கு ஒபின்னாவின் மனு கோர்ட்டுக்கு வருகிறது, தெரியும். சென்னியப்பன் ஆகிய நான் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவன் வெளிநாட்டுக்காரர்களை அடைத்து வைக்கிற அந்த முகாமிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது, போடாவிட்டால் இன்னும் எத்தனை மாசமோ என்று சொன்னீர்கள். மறக்கவில்லை. ஒரு மனுஷனுடைய வாழ்க்கை. அதனால்தான் இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்கிறேன்.

விஷயம் உங்களுக்கு முழுசாகப் புரிய வேண்டுமென்றால் முதலில் இந்த நாவலைப் பற்றித் தெரிய வேண்டும். உங்கள் பைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தக் கட்டுத்தான். ‘நீர்வாயில் காவலன்’. படித்ததில்லையா? உங்கள் வயதில் படித்திருக்க மாட்டீர்கள். தொள்ளாயிரத்து நாற்பது பக்கம். ஆசிரியருக்கு இது நூற்றாண்டு. பதினாலாம் தேதி புதுப் பதிப்பு வெளியிடுகிறார்கள். மெய்ப்புப் பார்த்தது நான், முன்னுரையும் நான். மேடையில் எனக்குப் பொன்னாடை போடுகிறார்களாம். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு எந்த ஊரில் பொன்னாடை போட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

பதினாறு வயதில் நான் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வருகிற பனியனில் தொங்குகிற நூலை வெட்டிப் போடுகிற வேலை. நாள் முழுக்க அதுதான். அங்கே ஒருத்தர் பழைய பேப்பர் கடையில் எடுத்த இந்த நாவலைக் கொடுத்தார். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை. ஒரு வாரம் நான் எந்த உலகத்தில் இருந்தேன் என்றே தெரியாது. மிளகுத் துறைமுகம், கோட்டை, கடல் பக்கமாகப் படகுகள் நுழைகிற நீர்வாயில், இளவரசன் மாறவேள், அவனுடைய குதிரை பவளன். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் நான் அச்சகத்துப் பக்கம் போயிருக்க மாட்டேன். பிசிறுதான் வெட்டிக்கொண்டிருப்பேன். ‘இப்பவும் அதைத்தானே பண்றீங்க, நூலுக்குப் பதிலா எழுத்து’ என்பாள் வசந்தாமணி. அவள் அப்படித்தான்.

அந்த நீர்வாயிலுக்கு ஒரு காவலாளி. காப்பிரி. ஆப்பிரிக்கக் கறுப்பர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். யவனக் கப்பலில் வந்த அடிமை, ஊமை. அவனை அறிமுகப்படுத்துகிற வரி எனக்கு மனப்பாடம். ‘அமாவாசை இருளைப் பிசைந்து உருட்டி, அதில் இரண்டு விழிகளை மட்டும் பதித்து வைத்தாற்போல் நின்றான் அந்தக் காப்பிரி. அவன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இருளில் நின்றால் நிற்பதும் தெரியாது.’ எப்படிப்பட்ட தமிழ் பாருங்கள். முப்பத்தேழாம் அத்தியாயத்தில் அவன் நீர்வாயிலைத் திறந்துவிட்டுவிடுகிறான். எதிரிப் படகுகள் நுழைகின்றன, கோட்டை விழுகிறது. ஐம்பத்திரண்டாம் அத்தியாயத்தில் மாறவேள் அவன் தலையை வாளால் சீவுகிறான். நான் கை தட்டியிருக்கிறேன் அம்மிணி. கம்பெனியில், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. அதற்கப்புறம் பதினான்கு தடவை படித்திருக்கிறேன். பதினான்கு தடவையும் அந்தத் தலை விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

ஒபின்னாவைப் பற்றிச் சொல்கிறேன். அவன் வந்து பதினான்கு மாசம் மாடி அறையில் இருந்தான். நைஜீரியாக்காரன். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவன். ஏற்றுமதிக்கு ஆகாதென்று தள்ளுகிற டி-ஷர்ட்டெல்லாம் அவர்கள் ஊருக்குத்தான் போகிறது. நீங்கள் அவனை முகாமில் பார்த்தீர்களே, எப்படி இருக்கிறான்? இளைத்துவிட்டானா? இங்கே இருந்தபோது வாசல்படியில் தலையைக் குனிந்துதான் வருவான். முப்பத்தொரு வயது. இந்தத் தெருவில் யாரும் அவனுக்கு வீடு கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். அதை நீங்கள் அந்தத் தாளில் எங்கேயும் எழுதவில்லை, பரவாயில்லை. வாடகை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கொடுத்தேனா இல்லையா? தெருக்காரர்கள் கேட்டபோது மனுஷனில் என்னய்யா கறுப்பு வெள்ளை என்று நான்தான் சொன்னேன். வசந்தாமணி முதல் இரண்டு மாசம் அவனுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தாள். நான் அவளைக் கண்டித்திருக்கிறேன்.

நன்றாகப் பேசுவான் அம்மிணி. வாய் ஓயாது. பேரம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவன், அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினான். கூட்டமா என்று கேட்டேன். ‘எனக்கு எப்பவும் கூட்டமில்லீங்ணா. எவ்வளவு கூட்டத்துலயும் என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். ராஜா மாதிரி வர்றேன்’ என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் சிரித்திருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்டவன். எதையும் இரண்டு நாள் யோசிப்பேன்.

மெய்ப்பை நான் சத்தமாகத்தான் படிப்பேன். பிழை கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும், அது எங்கள் தொழிலில் பழக்கம். புரட்டாசியில் இந்த நாவல் வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டு வரைக்கும் படிப்பேன். மாடியில் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் இறங்கி வந்து, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். என்ன கதைங்ணா என்றான். அன்றையிலிருந்து தினமும் வருவான். நான் ஒரு பக்கம் படிப்பேன், புரியாததை எளிய தமிழில் சொல்லுவேன். போர் வந்தால் கேட்பான். காதல் வந்தால் எப்ப முடியும் என்பான்.

காப்பிரி வருகிற இடம் வந்தது. அந்த வரி. வாயில் வரவில்லை அம்மிணி. பதினான்கு தடவை படித்த வரி. எதிரில் அவன். வாசலில் ஒரு காவல்காரன் நின்றான் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனேன். அவன் விடவில்லை. இவ்வளவு நேரம் தாளையே பார்த்தீர்களே, ஒரு வரிதானே சொன்னீர்கள் என்றான். அப்புறம் சொல்ல வேண்டியதாயிற்று. உன் மாதிரி கறுப்பு ஆள் என்று சொன்னேன். அவன் கேட்டான்.

‘அவன் பேரு என்னங்ணா?’

நான் தாளைப் புரட்டினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். அவனுக்குப் பெயர் இல்லை. தொள்ளாயிரத்து நாற்பது பக்கத்தில் நாற்பது இடத்தில் வருகிறான், நாவலின் தலைப்பே அவன்தான், பெயர் இல்லை. குதிரைக்குப் பெயர் இருக்கிறது. குதிரையைக் கழுவுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது. பதினான்கு தடவை படித்தவனுக்கு இது கண்ணில் படவில்லை. ஒரு ஒற்று விட்டுப் போயிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு மனுஷன் பெயர் விட்டுப் போயிருக்கிறது, தெரியவில்லை.

அன்றைக்குத்தான் நான் இந்த நாவலைப் புதுசாகப் படிக்க ஆரம்பித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். அச்சுப் பிழைக்காக இல்லை.

இருங்கள், தாளுக்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. வசந்தாமணி பல்லடத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அவனும்தான். அதனால்தான் என் கையெழுத்தைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை, தெரிகிறது. ஆறரைக்கு உட்கார்ந்தோம். முப்பத்தேழாம் அத்தியாயம். நீர்வாயிலைத் திறக்கிற அத்தியாயம். அவன் ஏன் திறந்தான் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. ‘அது அவன் இனத்தின் குணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் அப்படியே படித்துக் காட்டினேன். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்.

‘எழுதினவருக்குத் தெரியலீங்ணா. வெளிய கப்பல் வந்திருக்கு. இவனுக்கு ஊருக்குப் போவணும். கதவைத் திறந்தாத்தான் போவ முடியும். அவ்வளவுதான்.’

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அம்மிணி. நாற்பது வருஷமாக எந்த விமரிசகரும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். ‘ஒபி சொன்னது: கப்பல் வந்திருக்கிறது, ஊருக்குப் போக வேண்டும்.’ மெய்ப்பு ஒவ்வொரு கட்டு முடிந்ததும் அடியில் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பேன். அன்றைக்கும் போட்டேன். ஏழு நாற்பது.

அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் பின்தெரு குடோனில் யாரோ கதவைத் திறந்து துணிக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்தானாம். ஆள் யாரென்று தெரியவில்லை, உயரமாக, கறுப்பாக இருந்தான் என்றானாம். திருப்பூரில் உயரமாகக் கறுப்பாக எத்தனை பேர். ஆனால் எங்கள் தெருவில் எல்லாரும் மாடியைத்தான் காட்டினார்கள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த ஹாலில்தான் நின்றார். நேற்று ஏழு மணிக்கு உங்கள் மாடிக்காரன் எங்கே இருந்தான் என்று கேட்டார். உங்கள் தாளில் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள், ‘மேற்படி நேரத்தில் அவர் என்னுடன் என் வீட்டு ஹாலில் இருந்தார்’ என்று. சரிதான். உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் இன்னொரு கேள்வி கேட்டார். வெளிநாட்டுக்காரனை வைத்திருக்கிறீர்களே, படிவம் ஏற்றினீர்களா என்றார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குள் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் போட வேண்டுமாம். நான் போடவில்லை. பதினான்கு மாசமாகப் போடவில்லை. தெரியாமல் இல்லை. போட்டால் தெருவில் தெரியும், கேள்வி வரும், நாளைக்குப் போடலாம் நாளைக்குப் போடலாம் என்று தள்ளிவிட்டேன். கேஸ் ஆகும் என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளே தள்ளலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்புறம் கேட்டார். ‘ஆள் எப்படிங்க?’

நான் சொன்னேன். அதிகமாகப் பேச மாட்டான் என்று சொன்னேன். எப்போது வருகிறான், எப்போது போகிறான் என்று தெரியாது என்று சொன்னேன். இருட்டில் நின்றால் நிற்பதே தெரியாது என்று சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, கடைசியைக் கேட்டுச் சிரித்தார்.

அவ்வளவு பேசுகிறவனைப் பேச மாட்டான் என்று சொன்னேன் அம்மிணி. படியில் அவன் இறங்கி வந்தால் கவிழ்த்து வைத்த சொம்பு ஆடும், அவனைப் போய் வருவது தெரியாது என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். காப்பிரியின் அந்த வரியைக் கிட்டத்தட்ட அப்படியே ஒப்பித்திருக்கிறேன். எனக்கு அப்போது தெரியவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, மத்தியானம் சோற்றைப் பிசையும்போது தெரிந்தது. பதினாறு வயதில் ஒரு வரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வருஷம் கழித்து என் வாய் வழியாகப் பேசுகிறது. நான் பேசவில்லை, அந்தப் புத்தகம் பேசியது. இலக்கியம் என்ன செய்யும் என்று பாருங்கள். எவ்வளவு பயங்கரம். முன்னுரையில் இதைத்தான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவனா? ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. ‘அண்ணா, சொல்லுங்ணா. படிச்சிட்டிருந்தோம்னு சொல்லுங்ணா’ என்றான். நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். கீழே விழுந்திருந்தது. எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜீப் போய்விட்டது.

அப்புறம் அவன் விசா முடிந்து, திருட்டுக் கேஸ் இருப்பதால் புதுப்பிக்க மாட்டோம் என்று, அப்படியே முகாமில் வைத்துவிட்டார்கள். ஏழு மாசம். எனக்குத் தெரியும். ஏழு மாசமும் நான் தூங்கினேனா என்று வசந்தாமணியைக் கேளுங்கள். இல்லை, அவளைக் கேட்க வேண்டாம்.

நான் சும்மா இருக்கவில்லை. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். கறுப்பு என்றால் கெட்டது, சிவப்பு என்றால் நல்லது என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் குறித்தேன். செத்துப்போன ஒருவர் எழுத்தைத் தொடலாமா என்று ஒரு மாசம் என்னோடு நானே சண்டை போட்டேன். தொடாவிட்டால் இன்னொரு பதினாறு வயதுக்காரன் வாய்க்குள் இந்த வரி போய் உட்காருமே. பதிப்பாளரிடம் பேசினேன். பள்ளிக்கூட நூலகத்துக்கு எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தால் சரி, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். செய்தேன். நாற்பத்து மூன்று திருத்தம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் யோசித்தேன் தெரியுமா? இதோ, அந்த அமாவாசை வரி. இப்போது எப்படி இருக்கிறது பாருங்கள். ‘நெடிய உருவமும் ஆழ்ந்த பார்வையும் கொண்ட காவலன் ஒருவன் நின்றான்.’ தமிழ் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டதுதான். ஆனால் மனசுக்கு நிம்மதி.

எந்த இடம்? அந்தப் பக்கமா, கொடுங்கள். ஓ, இது சேரியைப் பற்றி வருகிற இடம். பறை அடிக்கிறவர்களை இளவரசன் விலகி நிற்கச் சொல்கிறான். இதைத் திருத்தவில்லையா என்கிறீர்களா? அது எப்படித் திருத்துவது அம்மிணி, அது அந்தக் காலத்து வழக்கம். வரலாறு. நம் ஊர் விஷயம் வேறு, இது வேறு. நீங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

சரி, சரி. கேட்டீர்களே, முப்பத்தேழாம் அத்தியாயத் தாள். அதுதான் வேண்டுமென்று போனிலும் கேட்டீர்கள். எடுத்து வைத்திருக்கிறேன். இதோ. அடியில் பாருங்கள், தேதி இருக்கிறது, ஏழு நாற்பது, என் கையெழுத்து.

ஓரத்தில் இல்லை.

பென்சில் குறிப்பு இல்லை. அச்சகத்துக்குப் போகிற தாளில் பென்சில் எழுத்து இருக்கக் கூடாது. கம்போஸ் செய்கிறவன் அதையும் சேர்த்து அடித்துவிடுவான். முப்பது வருஷமாகக் கட்டு முடிந்ததும் ரப்பரை எடுத்து ஓரங்களைத் துடைத்துவிடுவேன். கை தானாகச் செய்யும். இதையும் துடைத்துவிட்டேன். எப்போதா? அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் இருக்கும். ஆமாம், அதற்குப் பிறகுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ‘கப்பல்’ என்று பள்ளம் தெரிகிறதா? எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். உங்களுக்குத் தெரியவில்லையா? கோர்ட்டுக்கு அது போதாதுதான். தெரிந்து துடைத்தேனா, தெரியாமல் துடைத்தேனா என்று நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்காமலே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள் அம்மிணி, நான் கேட்கிறேன்.

அவன் சொன்னது வீணாகப் போகவில்லை. முன்னுரையில் போட்டிருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள். ‘அக்காவலன் கதவைத் திறந்தது துரோகத்தால் அன்று, தாயகம் திரும்பும் ஏக்கத்தால் என்று ஒரு வாசகர் என்னிடம் கூறினார்.’ ஆமாம், ஒரு வாசகர். பெயர் போடவில்லை. கேஸ் நடக்கிறதே. ஒரு நல்ல காரியத்துக்கு நடுவில் அது எதற்கு?

கொடுங்கள், இப்போது உங்கள் தாளைப் பார்க்கிறேன். இரண்டாம் பத்தி, ‘படிவம் தாக்கல் செய்யாதது என் குற்றமே.’ குற்றம் என்பது பெரிய சொல். தவறுதல் என்று போடலாம். மூன்றாம் பத்தியில் ‘மாலை ஆறரை முதல் ஏழு நாற்பது வரை.’ மாலை வேளையில் என்றால் படிக்க நன்றாக இருக்கும். நாலாவது. ‘காவல்துறையிடம் நான் கூறிய விவரங்கள் பொய்யானவை.’ பொய் இல்லை அம்மிணி, அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் என்றால் தெரிந்து சொல்வது. ‘கூறிய விவரங்கள் பதற்றத்தில் துல்லியமின்றி அமைந்துவிட்டன.’ இப்படிப் போட்டால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

அடடா. சிவப்பில் அடித்துவிட்டேனா? கை பழக்கம். இன்னொரு பிரதி வைத்திருக்கிறீர்களா? இருக்கிறதா. நல்லது. விவரமானவர் நீங்கள்.

இப்படி மாற்றினால் பிரயோசனமில்லை என்கிறீர்கள். இதற்குக் கையெழுத்தே போடாமல் இருக்கலாம் என்கிறீர்கள். அப்படிச் சொன்னால் எப்படி? எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பதினாலாம் தேதி விழா. இன்றைக்கு எட்டு. பொய் சொன்னேன் என்று நானே முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மேடையில் ஏறி இந்த முன்னுரையைப் படித்தால் யார் கேட்பார்கள்? ஆறு நாள். மனுவை ஆறு நாள் தள்ளிப் போட முடியாதா? கோர்ட்டில் தள்ளிப் போடாத விஷயமா. முடியாதா. தள்ளிப் போட்டால் மறுபடி எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாதா.

உங்கள் போன் அடிக்கிறது.

அவனா? முகாமிலிருந்து பேச விடுகிறார்களா? நான் எதற்கு. நீங்களே பேசுங்கள். இல்லை, வேண்டாம், நான் என்ன பேச. சரி, கொடுங்கள்.

ஒபி. ம். நான்தான். சாப்ட்டேன், சாப்ட்டேன். நீ சாப்ட்டியா? அக்கா நல்லாருக்கா. ஊறுகாய் வந்துச்சுங்கறியா? நார்த்தங்காயா? அது அவளா அனுப்புனது, எனக்குத் தெரியாது. ம். மழையா அங்க? இங்க ஒரு சொட்டு இல்ல. புஸ்தகம் முடிஞ்சிருச்சு ஒபி. எல்லாம் திருத்தியாச்சு. நாப்பத்தி மூணு இடம். நீ பார்த்தா சந்தோசப்படுவ.

என்ன?

ம். இங்கதான் இருக்காங்க. எதுத்தாப்லதான் உக்காந்திருக்காங்க.

போட்டாச்சு.

ஆமா ஒபி, போட்டாச்சு. இப்பத்தான். அழுவாத. அட, என்ன இது, அழுவாத. எனக்கு எதுக்கு நன்றி. சரி. சரி, வெச்சுடு.

வைத்துவிட்டான்.

அப்படிப் பார்க்காதீர்கள் அம்மிணி. அந்த நிலைமையில் இருக்கிறவனிடம் வேறு என்ன சொல்வது? ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே. இப்போது போட்டுவிட்டால் சொன்னது பொய்யாகாது, அதுதானே சொல்ல வருகிறீர்கள்? தெரிகிறது. நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. பேனாவும் கையில்தான் இருக்கிறது. நாலாம் பத்தி. அந்த ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டால்.

பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டீர்களா? தாளை வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி யோசிக்கிறேன் என்று சொல்லலாமென்று பார்த்தேன். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தாமணி, என்ன பை அது? அவனுக்கா? இரண்டு சட்டையும் ஒரு ஊறுகாய் பாட்டிலும். கொடு, கொடு. என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா. என்னைப் பார்க்காமலே கொடுக்கிறாள் பாருங்கள், ஏழு மாசமாக இப்படித்தான்.

பதினாலாம் தேதி வாருங்கள் அம்மிணி. சாயங்காலம் ஐந்தரைக்கு. முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். கோர்ட்டில் ஒரு நீதிபதி கேட்பார், அங்கே முந்நூறு பேர் கேட்பார்கள். எதையும் மறைக்கப் போவதில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரியும். அதைத்தான் முன்னுரையில் எழுதியிருக்கிறேன்.